மாமியார் முகம்

"உன் புருஷனோட பூட்ஸை எடுத்து வாசல்ல வை" என்றாள் ஜோசெட்டா.

மாவு பிசைந்துகொண்டிருந்த மெல்வினாவின் கை நின்றது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் வீடுகளில் இதற்கு ஒரே அர்த்தம்தான். வீடும் ஆடும் மேய்ச்சல் நிலமும் பெண்ணுடையது. ஆணின் சாமான் வாசலுக்குப் போனால் கல்யாணம் முடிந்தது. அவன் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"எதுக்கும்மா?"

"தினமும் அந்தக் குன்று மேல உக்காந்து பைனாகுலர்ல பாக்கறான். ஆட்டை எண்ணறான், விக்கத்தான் கணக்குப் போடறான்னு நெனச்சேன். உங்க பெரியம்மா எல்மா சொல்றா, அவன் பாக்கறது ஆட்டை இல்லையாம். என்னையாம்."

"பெரியம்மாவுக்கு வேற வேலை இல்ல."

"வேலை இல்லாதது உன் புருஷனுக்கு. மாமியார் மூஞ்சில முழிச்சா கண்ணு போயிடும்னு அவனைப் பெத்தவ சொல்லித் தரலையா?"

கல்யாணமாகி இரண்டு வருஷம். மருமகன் வெர்னான் இந்தப் பக்கம் வந்தால் ஜோசெட்டா அந்தப் பக்கம் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் நேற்று சந்தேகம் தாங்காமல் குன்றேறினாள். பாதி ஏறுவதற்குள் அவன் எதையோ துணி போட்டு மூடி, வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான்.

"தப்புப் பண்ணாதவன் ஏன்டி ஓடணும்?"

"நீ வந்தா அவர் எப்படிம்மா நிப்பாரு? சாயங்காலம் ஊர்க் கூடத்துக்கு வா. அப்புறமும் உனக்கு மனசு ஆறலைன்னா, பூட்ஸை நானே தூக்கி வைக்கறேன்."

கூடத்தில் ஓவியக் கண்காட்சி. 'நம் தாய்மார்கள்' என்று வாசலில் எழுதியிருந்தது. ஜோசெட்டா உள்ளே நுழைந்ததும் எல்லாரும் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சுவர் முழுக்க அவள்தான். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறாள். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுகிறாள். விறகு பிளக்கிறாள். பனியில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

"நான் சொன்னேன்ல?" என்று காதருகே வந்தாள் எல்மா. "உன்னைத்தான் பாத்திருக்கான்."

ஜோசெட்டா ஒவ்வொரு படமாக நின்று பார்த்தாள். கொண்டை, அகன்ற தோள், குனிந்த முதுகு. ஒன்றில்கூட முகம் இல்லை.

"ஏன்டி, உன் புருஷனுக்கு மூஞ்சி வரையத் தெரியாதா? எல்லாத்துலயும் என் முதுகுதான் இருக்கு."

"மூஞ்சியைப் பாத்தாத்தானேம்மா வரைய முடியும்" என்றாள் மெல்வினா. "நீ திரும்பற மாதிரி இருந்தாலே பைனாகுலரைக் கீழ வச்சிடுவாரு. இதையெல்லாம் முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. நாளைக்குக் கடையில நீ எதிரே வந்து நின்னாக்கூட, அது நீதான்னு அவருக்குத் தெரியாது."