மூன்றடி இடைவெளி

விறகடுப்புக்கும் மரச்சுவருக்கும் நடுவே கணவர் டேப் பிடித்து அளந்தார். "மூணடிக்குக் குறைஞ்சா சுவர் பத்திக்கும்டி!" என்றார். அன்று மாலையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்த மூத்த நாத்தனார் கிளம்பவேயில்லை. "அடுப்பைச் சுவரோட தள்ளு. என் கட்டிலைப் போடணும்."

மனைவிக்கு அந்த இடத்தை விட்டுத்தர மனமில்லை. "ஐயோ அக்கா, சுவர் பத்திக்கும்!"

"கதையளக்காதேடி! நான் வந்தாலே என் தம்பி அந்த அடுப்புக்குப் பின்னாடிதானே ஒளிவான்? பாதித் தொப்பை வெளியே தெரியும்!"

மனைவி விக்கித்துப்போனாள். "தெரிஞ்சுமா, அவர் ஊர்ல இல்லன்னு நான் சொன்னப்ப தலையாட்டினீங்க?"

"பின்னே? எதிரே உட்கார்ந்தா என் பேச்சை என்னைக்குக் கேட்டான்? அங்கே மாட்டினா முழுசா கேட்டாகணுமே!"

கட்டிலை வேறு அறையில் போட்டார்கள். நாத்தனார் இன்றும் அடுப்பைப் பார்த்துத்தான் சத்தமாகப் பேசுகிறாள்.