அலை போன பக்கம்

"அந்த ஆளை யாரு உள்ள விட்டது?"

வந்ததும் வராததுமாகப் பொரிந்தாள் எஞ்சினியரம்மா. சோதனைக் கூடத்தின் மறுகோடியில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். பக்கத்து ஊர் எஞ்சினியர்.

அடுத்த வாரம் அவர் முறையாம். முன்கூட்டியே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாராம். கூடத்தின் பொறுப்பாளர் சொல்லச் சொல்ல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அந்த மனுஷன் தன் ஊருக்கு ஒரு கடல் சுவர் கட்டினார். அதில் மோதி ஒதுங்கிய அலைதான் இவள் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒரு தெருவே போச்சு. அக்கா வீட்டில் அடுப்படிவரை கடல். அதற்கப்புறம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. இப்போது எதற்கு வந்திருக்கிறார்? சுவரை இன்னும் நீட்டத்தான், வேறெதற்கு?

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் திட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் திட்டியதையே மறந்துபோனாள்.

கூரைக்குக் கீழே ஒரு கடலையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மைதானம் அளவுக்குத் தொட்டி. ஒரு பக்கம் முழுக்க ஆளுயர இரும்புப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். எதிர்ப்பக்கம் அவள் ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மிச்சமிருக்கும் தெருக்கள், எல்லாம் முழங்கால் உயரத்துக்கு. முன்னால் அவள் வரைந்த சுவர், சின்னச் சின்னக் கல்லாக அடுக்கி, அச்சு அசலாக.

கல்லூரிகளில் இருக்கும் குறுகலான தொட்டியில் அலை நேராகத்தான் வரும். நிஜக் கடல் அப்படியா வருகிறது? இங்கே எந்தத் திசையிலிருந்தும் அலையை வரவழைக்கலாம். அதனால்தான் எத்தனையோ ஊர்க்காரர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். அவளும் வருஷக்கணக்கில் நடையாய் நடந்துதான் இந்த முறையை வாங்கினாள். சுவர் இங்கே தேறினால்தான் கட்டப் பணம் வரும். கட்டினால்தான் அடுத்த மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் நிற்கும்.

பொறுப்பாளர் பொத்தானை அழுத்தினார்.

பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே சாய்ந்தன. சத்தமே இல்லாமல் சாய்வாக ஓர் அலை கிளம்பியது. கிட்டே வர வர உயர்ந்து, சுவரில் ஓங்கி அறைந்தது. கூடமே கிடுகிடுத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, மனுஷன் செய்த அலைக்கே இத்தனை மூர்க்கமா!

அலைமேல் அலையாக வந்தும் சுவர் அசையவில்லை. பள்ளிக்கூட வாசலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊழியர்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. அக்காவுக்குப் போன் பண்ணக் கை பரபரத்தது.

அப்போதுதான் பார்த்தாள். மோதிய அலை அடங்கிவிடவில்லை. சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஓடி, சுவர் முடிகிற இடத்தில் முன்னைவிட உயரமாக எழும்பி, அந்தப்பக்கத்து வெறும் சிமெண்ட் தரையில் ஏறி அடித்தது. அடுத்த அலையும் அங்கேயேதான் போனது. அழகென்றால் அப்படி ஓர் அழகு, பயமென்றால் அப்படி ஒரு பயம். மூச்சு விடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"அங்க யாரும் இல்லைதானே மேடம்?" என்றார் பொறுப்பாளர். "நீங்க குடுத்த வரைபடத்துல ஒண்ணும் இல்லையே. தேறிடுச்சுன்னு எழுதிடவா?"

அவள் கொடுத்த வரைபடம் அவள் ஊர் எல்லையோடு முடிந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும், பள்ளிக்கூடம் பிழைக்கும். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற இன்னொரு ஊர் ஜனங்கள் நாளைக்கு அவளைத் திட்டுவார்கள், இத்தனை நாள் அவள் அந்த மனுஷனைத் திட்டிய மாதிரியே.

"இருக்காங்க சார். மீன்பிடிக்கிற குடும்பங்க. எழுதாதீங்க" என்றாள். சுவரின் முனையை மாற்றிப் பார்க்க இன்னும் சில நாள் கிடைக்குமா என்று கேட்டாள்.

பொறுப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். இன்றைக்குச் சாயங்காலத்தோடு அவள் முறை முடிகிறது. விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். அடுத்த வாரக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

அடுத்த வாரக்காரர் எப்போதோ பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் பார்வையும் அந்தச் சிமெண்ட் தரையில்தான் இருந்தது.

போயும் போயும் இவரிடமா கையேந்துவது! இருந்தாலும் மென்று விழுங்கிக் கேட்டாள்.

"சார், உங்க முறையில எனக்குக் கொஞ்ச நாள் குடுப்பீங்களா?"

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா. ஒண்ணு மட்டும் செய்யணும். என் சுவரையும் பக்கத்துல வச்சு, ரெண்டையும் சேர்த்தே பார்க்கணும்."

"இன்னும் நீட்டறதுக்கா?" அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"இடிக்கறதுக்கும்மா. எவ்வளவு இடிச்சா உங்க ஊர் பிழைக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் இத்தனை வருஷம் வரிசையில நின்னேன்."