செம்பு ரிவெட்டுகள்

திருவிழா ஊர்வலத்தில் மாமனார் இடுப்பில் கட்டவேண்டிய, நூறு வருடத்துத் தோட்டா பெல்ட்டைச் செண்பகம் சரிசெய்திருந்தாள். வருடா வருடம் பக்தியோடு தேங்காயெண்ணெய் பூசியே தோலை நைந்துபோக விட்டிருந்தார்கள். துருப்பிடித்த ரிவெட்டுகளை நெம்பி எடுத்துவிட்டு, உள்பக்கம் புதுத்தோல் கொடுத்து, செம்பு ரிவெட்டுகளை அடித்திருந்தாள்.

காதல் கல்யாணம் என்று இரண்டு வருடமாக அவளிடம் பேசாத மாமனார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டினார்.

"நடுத்தெருவுல அறுந்துச்சுன்னா ஊரே சிரிக்கும்டா" என்றார் மகனிடம்.

"தாராளமா மூச்சு விடுங்க மாமா" என்றாள் செண்பகம்.

விட்டார். தொந்தி முன்னால் வந்து விழுந்தது. தோல் லேசாக முனகியது. ஒரு ரிவெட்கூட அசையவில்லை.

வயிற்றைத் தட்டிப் பார்த்தவர், முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ரெண்டு தோசை தாங்குமாம்மா?"