ரே டிரேசிங்: ஆன்

இன்னும் ஒரே வெட்டு.

ராட்சசனின் உயிர்ப்பட்டையில் நகக்கண் அளவு சிவப்புதான் மிச்சம்.

பத்தொன்பது நாளாக இந்தக் கணினி விளையாட்டில் அவனிடம் செத்துச் செத்துப் பிழைக்கிறாள். அவன் எப்போது கை ஓங்குவான், எப்போது உருள வேண்டும், எல்லாம் அவள் விரல்களுக்கு அத்துப்படி.

உருண்டாள்.

திரை உருளவில்லை. சேற்றில் சிக்கிய எருமை மாதிரி நின்றது. மறுபடி நகர்ந்தபோது அவள் வீராங்கனை தரையில் கிடந்தாள்.

"ஐயோ!" என்றான் பின்னால் நின்ற கணவன்.

பரவாயில்லை, நமக்காகப் பதறுகிறான் என்று நினைத்தாள்.

"அந்தக் குட்டையப் பாத்தியா? நீ விழுந்தது தண்ணில அப்படியே தெரிஞ்சுது!"

அமைப்புகளைத் திறந்தாள்.

ரே டிரேசிங்: ஆன்.

ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணினி உட்கார்ந்து கதிர் கதிராகக் கணக்குப் போடும் வித்தை. அவளுடைய பழைய கணினிக்கு அதற்கே மூச்சு வாங்கும். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

"நான் டீ போடப் போனப்ப மாத்துனியா?"

"பின்ன? இத்தன நாளா பொம்ம மாதிரி இருந்துச்சு. இப்ப நெஜம் மாதிரி இல்ல?"

கேட்டானா? ஒரு வார்த்தை? அவள் ஸ்கூட்டருக்குப் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டியபோதும் கேட்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக்குப் புது ஃபிரேம் போட்டுவந்தபோதும் கேட்கவில்லை. அவளுக்கென்று ஒன்று இருந்துவிட்டால் போதும், அதை அழகாக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஊர் வேறு அவளைக் கொடுத்துவைத்தவள் என்கிறது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஆஃப் செய்தாள்.

குட்டை மங்கியது.

"ஏய், கெடுக்காத! சூப்பரா இருந்துச்சு."

விளையாட்டை மூடினாள். கணினியின் கடவுச்சொல்லை மாற்றும் இடத்துக்குப் போனாள்.

பழையதைக் கேட்டது.

கல்யாணத் தேதி. அவன்தான் வைத்தான். எட்டு எண்களையும் தட்டினாள்.

புதியதைக் கேட்டது.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தான். "என்ன வைக்கப்போற?"

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவன் சிரித்தான்.

அவள் விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள்.