புதுத் தொலைபேசிக்கு நல்ல நாள்

“தூங்குறதுக்கா ஒனக்குச் சம்பளம்? எடுக்க இவ்வளவு நேரமா?”

காஜா பேராங் சாலையில் தம் மளிகைக் கடையின் முகப்பில் நின்றுகொண்டு, சுவரில் மாட்டிய பழைய தொலைபேசிக்குள் சினத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார் சொக்கப்பன். நெற்றியில் இட்ட திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது.

மறுமுனையில், நகரத் தொலைபேசி நிலையத்தில் அச்சாலைக்கு இணைப்புத் தரும் பெண் தனக்கு விதிக்கப்பட்ட இரண்டு சொற்களையே மறுபடியும் சொன்னாள். “நம்பர் ப்ளீஸ்.” வாடிக்கையாளர் எவ்வளவு ஏசினாலும் அதற்கு மேல் ஒரு சொல் பேசலாகாது என்பது அங்கே கட்டளை.

“குரல் ஏன் கம்மிக் கெடக்கு? கண்ட ஐஸ் கச்சாங்கையும் தின்னு தொண்டையக் கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்தா, நான் சொல்ற நம்பர் எப்படி வெளங்கும்?”

எண்ணைச் சொல்வதற்குள் கோபம் உச்சிக்கேறிவிட்டது. ஒலிவாங்கியை அறைந்து மாட்டினார்.

“அப்பச்சி, சரக்குக்குப் பேசணும்னு எடுத்தீக. வஞ்சுட்டு வச்சுட்டீகளே!” என்றான் மகன் வைரவன். கணக்குப் பிள்ளைகள் இல்லாத அச்சிறு கடையில், தந்தையும் மகனுமே எல்லாம்.

வாசலில், புதுத் தொலைபேசியைப் பெட்டியோடு மார்பில் அணைத்தபடி காத்து நின்றார் தொலைபேசி அலுவலகத்து தேவதாஸ். அவர் இப்படி வந்து நிற்பது இது முதன்முறை அன்று. எண்வட்டில் விரலை விட்டுச் சுழற்றினால் இடையில் எவரும் இன்றி நேரே இணைப்புக் கிடைக்கும் கருவி அது.

முதலில் ஊரார் மாற்றிப் பார்க்கட்டும், அதன் பழுது தெரியட்டும் என்றார் சொக்கப்பன். பழுதெல்லாம் திருத்தியாயிற்று என்றபோது, மெர்டேக்கா விடுதலை விழா முடியட்டும் என்றார். நாட்டுக் கொடி ஏறிய பிறகு தீபாவளி வந்தது. அதன் பின்னே தைப்பூசம். இப்போது ஆடி.

“ஆடி மாசத்துல புதுச் சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாதுய்யா. ஆவணியில வா.”

“ஆடியெல்லாம் கோயிலுக்குத்தான் செட்டியாரே. கவர்மென்டுக்கு ஏது ஆடி? இந்தத் தெருவுல பழைய லைன்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்குச் சாயங்காலம் பொண்ணுங்க இணைப்புக் குடுக்குற அந்த போர்டையே கழட்டுறாங்க. இப்பவும் மாட்ட விடலேன்னா லைன் போயிரும். இப்பிடி சூசா குடுத்து இழுத்தடிச்சா நான் என்ன பண்றது?”

“போகட்டும்!”

வைரவன் பொறுமை இழந்தான். “லைன் போனா கடைய மூட வேண்டியதுதான். பெண்டஹாரா ரோட்டுல அத்தனை பேரும் மாத்திட்டாக. விரலச் சுத்துன ஒடனே சரக்கு அவுகளுக்குப் போவுது. போன வாரம் வெங்காயம் நம்ம கைய விட்டுப் போனது எதனால? நீங்க லைன்ல நின்னு வஞ்சுக்கிட்டு இருந்ததால!”

“என் கடை, என் டெலிபோன். நீ யாருடா கேக்க?”

“அக்காகிட்டயும் இப்படித்தான் கத்துனீக. அது வீட்ட விட்டுப் போனதுதான் மிச்சம்!”

சொக்கப்பனின் கையிலிருந்த அளவுபடி பறந்து மிளகு மூட்டையில் மோதி உருண்டது.

“அவ பேச்ச இங்க எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

உள்கட்டில் அம்மி அரைக்கும் ஓசை நின்றது. அவர் மனைவி கண்ணம்மா ஆச்சி நிலைக்கதவோரம் வந்து நின்றாள்.

தேவதாஸ் நிலைமையைத் தணிக்க எண்ணிச் சிரித்தார். “விடுங்க செட்டியாரே. நாளையிலேர்ந்து நீங்க வையவே ஆள் இருக்காது. அந்தப் பொண்ணுங்கள எல்லாம் கோலாலம்பூருக்கு மாத்திட்டாங்க, ராத்திரி ரயிலு. அதுங்களும் லேசுப்பட்டதுங்க இல்ல, சரியான சோம்பேறிங்க...”

“வாய மூடுய்யா!” சொக்கப்பனின் குரலில் கடைப் பலகைகள் அதிர்ந்தன. “அதுகள வைய நீ யாரு? வாடகை கட்டுறவன் நான். நான் வைவேன்!”

தேவதாஸ் திகைத்து ஓரடி பின்வாங்கினார்.

சொக்கப்பன் பழைய கருவியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“எந்த ஊருக்குன்னு சொன்ன?”

“கோலாலம்பூரு.”

“சரி. மாட்டித் தொலை. அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தரம் வஞ்சுட்டு வர்றேன்.”

ஒலிவாங்கியை எடுத்தார்.

“நம்பர் ப்ளீஸ்.” அதே கம்மிய குரல்.

ஏசுவதற்கு வாய் திறந்தது. ஆனால் இத்தனை காலமும் மடை திறந்தாற்போல் வந்த வசவுகளுள் ஒன்றேனும் இப்போது நாவுக்கு வரவில்லை.

“நம்பர் ப்ளீஸ்.”

“நம்பரு... என்ன பெரிய நம்பரு!” என்று சீறினார். சீற்றம் பாதியிலேயே உடைந்தது.

மறுமுனையில் இணைப்பு அறுபடவில்லை. பின்பு, கட்டளையை மீறி, அவருடைய சினத்துக்குச் சற்றும் குறையாத சினத்தோடு அந்தக் குரல் வெடித்தது.

“வஞ்சது போதும் அப்பச்சி, வீட்டுக்கு வான்னு சொல்லுங்க!”