பல் டாக்டரின் ஷூ லேஸ்

"இன்னிக்கும் லேஸ் அவிழ்ந்துடுச்சா, டாக்டர்?"

ஏரிக்கரைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்ட பி.டி. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கழுத்தில் விசில். ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூட்டத்துக்கு அவள்தான் கேப்டன்.

பல் டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "வழியில இருக்கிற மூணு பாலத்துலயும் அவிழ்ந்துடுச்சு, டீச்சர். ஒண்ணு விடல."

"ஊர்ல இருக்கிற பல்லுக்கெல்லாம் கம்பி கட்டுறீங்க. சொந்த ஷூவுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டருக்கு இரண்டு எட்டு முன்னால் வந்து சேர்ந்த இன்னொருத்தியும் சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே.

கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்கு முன்னால் இந்தக் கூட்டத்தில் முதலில் ஓடியவள் அவள்தான். இப்போது மற்றவர்கள் கால்வாய் வளைவில் திரும்பி மறைந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆளுயர நாணல். நடுவில் தான் மட்டும். இங்கே மயங்கி விழுந்தால் என் பிள்ளை என்ன ஆகும்?

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட.

மறுபடி ஓட வந்த முதல் நாளே, பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விழுந்த சாவியைத் தேடிக்கொண்டு திரும்பி வந்த டாக்டர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா நிக்கிறே?"

"ஷூவுக்குள்ள கல்லு, டாக்டர்."

அன்றோடு முழுக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். போடாததற்குக் காரணமே டாக்டரின் லேஸ். எந்தப் பாலத்துக்கு அவள் போனாலும், அங்கே திண்டில் உட்கார்ந்து அவர் குனிந்துகொண்டிருப்பார். பாதம் வரை தொங்கும் தொளதொள பேண்ட். அதை வைத்துப் பாதையைப் பெருக்கிக்கொண்டே ஓடுகிறார் என்று டீச்சர் கிண்டலடிப்பாள். இவள் வருவதைப் பார்த்ததும் எழுந்துகொள்வார்.

"போலாமாம்மா?"

நம்மை விட மோசமாக ஒருத்தர் இருக்கிறாரே என்று மனசு லேசாகும். வீட்டில் கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"அடுத்த வாரம் போட்டி," டீச்சர் விசிலைச் சுழற்றினாள். "டீம்ல கடைசியா வர்றவங்களோட நேரம்தான் கணக்கு. சாரி டாக்டர், நீங்க வேண்டாம். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுங்க போதும்."

"நியாயம்தான்." டாக்டர் தலையாட்டினார்.

டீச்சர் இவள் பக்கம் திரும்பினாள். "நீ ஓடும்மா. எப்படியும் அவருக்கு முன்னாலதானே வர்றே."

அவள் டாக்டர் இல்லாத பாலங்களை நினைத்துப் பார்த்தாள். அந்த மூன்று பாலங்களும் காலியாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறினாள். கடைசியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கிடைத்தது: பட்டையான சிவப்பு லேஸ். மலை ஏறுகிறவர்கள் கட்டுவதாம். ஒரு தடவை முடிச்சுப் போட்டால் நாமாக அவிழ்த்தால்தான் உண்டு.

போட்டி நாள். மதகுப் பக்கம் எல்லாரும் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் தண்ணீர் பாட்டில்களை நடுவில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன் பக்கத்தில்.

"டீச்சர், டாக்டர் லேஸ் அவிழாம இருந்தா அவரையும் சேர்த்துக்குவீங்களா?"

"அது நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம்."

அவள் லேஸை எடுத்துக் காட்டினாள். டாக்டரின் முகம் மாறியது. கால்கள் இரண்டும் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் அப்புறமா கட்டிக்கறேன்."

"நீங்க கட்டின லட்சணத்தைத்தான் ஊரே பார்த்துச்சே. காலை நீட்டுங்க, நானே கட்டி விடறேன்."

"ஐயையோ, வேண்டாம்மா. காலைப் போய்த் தொட்டுக்கிட்டு."

"என் வாயை நீங்க தொட்டுப் பல்லைப் பிடுங்கலையா?"

கணவன் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னான். "நீட்டிடுங்க டாக்டர். கட்டின புருஷன் எனக்கே இந்த மரியாதை கிடைச்சதில்ல."

டீச்சர் வாயில் விசிலை வைத்துவிட்டாள். இனி நேரமில்லை. இவள் சட்டென்று மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் இருந்த காலைப் பிடித்து இழுத்து, தொளதொள பேண்ட்டைத் தூக்கினாள்.

ஓடி ஓடித் தேய்ந்த, ஒட்டுப் பட்டை வைத்த ஷூ. லேஸ் கோர்க்க அதில் ஒரு ஓட்டைகூட இல்லை.

டாக்டர் ஏரியில் கொக்கு ஏதாவது தெரிகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. சிவப்பு லேஸைக் கைக்குள் சுருட்டி மறைத்தாள். பேண்ட்டைப் பாதம் மூடும்வரை இழுத்துவிட்டாள். திரும்பி உரக்கச் சொன்னாள்.

"இறுக்கிக் கட்டிட்டேன், டீச்சர். இனிமே அவிழாது. டாக்டரும் எங்கூட ஓடட்டும்."