இரண்டாவது வெடி

மாச்சய்யாவின் வலது தோளில், சட்டைக்குள்ளே, தோலோடு வெட்டிய அரைக் கிலோ பன்றிக் கொழுப்பு இருந்தது. நழுவாமல் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

கையில் தாத்தாவின் த்ரீ நாட் த்ரீ. பர்மா சண்டைக்காலத்துத் துப்பாக்கி. தோளில் பதியும் கட்டையின் அடியில் பித்தளைத் தகடு. ஒவ்வொரு வருஷமும் தேங்காய் சுடும் போட்டியன்று அது கழுதை மாதிரி உதைக்கும். தகட்டின் அச்சு, திருகாணி உட்பட, ஒரு மாதம் தோளில் கிடக்கும்.

அந்த உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே அவருக்குக் கண் மூடிக்கொள்ளும். போன வருஷம் குண்டு தேங்காயை விட்டுவிட்டு லவுட்ஸ்பீக்கரில் பாய்ந்தது.

"தேங்காய் அங்க இருக்குடா மாச்சு! பாட்டு உன்னை என்ன பண்ணுச்சு?"

மைதானமே கேட்கும்படி கத்தியது பெரியப்பா மகன் பெள்ளியப்பா. அவரிடமும் அதே மாதிரித் துப்பாக்கி ஒன்று உண்டு. தனக்கு உதைப்பதே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

ரோஷத்தில் மாச்சய்யா அங்கேயே சொல்லிவிட்டார், அடுத்த வருஷமும் தவறினால் தாத்தா துப்பாக்கியை அவரிடமே கொடுத்துவிடுவதாக. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

போட்டி நாளைக்கு. துப்பாக்கியில் ரப்பர் ஒட்டக் கூடாது, தோளில் துணி வைக்கக் கூடாது என்பது விதி. கொழுப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, ஆனால் வெளியே தெரிந்தால் அதற்குப் பிறகு தலைகாட்ட முடியாது.

காப்பிக்கொட்டை காயும் களத்தில் நின்று, கட்டையைத் தோளோடு இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, மண்மேட்டில் வைத்த தேங்காயைப் பார்த்துச் சுட்டார்.

உதைக்கவில்லை. யாரோ தெரிந்தவர் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கண் திறந்தே இருந்தது. தேங்காய் சிதறியது. சந்தோஷத்தில் திரும்பி டைகரைக் கூப்பிட்டார்; வெடிச்சத்தத்துக்கு மிரண்டு நாய் கொல்லைப்புறம் ஓடியிருந்தது.

அப்போது வயலுக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டாவது வெடி கேட்டது.

மலை எதிரொலிக்கிறது என்று நினைத்தார். உடனே ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. ஒரு வெடி என்றால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு என்றால் சாவு. ஒன்றோடு நின்றிருந்தால் குரங்கை விரட்டினேன் என்று சமாளித்திருக்கலாம்.

பத்து நிமிஷத்தில் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்து முத்தவ்வா அழுதுகொண்டே வந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாச்சய்யாவின் மனைவி தேச்சம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "கறிக்கு எடுத்து வச்ச கொழுப்பைக் காணோம், எவன் எடுத்தான்?"

முத்தவ்வா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். அதுவரை தேச்சம்மாவுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப யாரு போனது மாச்சண்ணா?"

"யாரும் போகல. நான் ஒரே ஒரு வெடிதான் வெடிச்சேன்."

முப்பது பேரும் மெதுவாகத் திரும்பித் தேச்சம்மாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கரண்டியை ஓங்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

அப்போதுதான் சாவு என்று யாரோ சொல்லக் கேட்டு, வயல் வரப்பு வழியாக பெள்ளியப்பா ஓடி வந்தார். உச்சி வெயிலில் கம்பளிச் சால்வையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு வருஷத்துப் பகையையும் மறந்து, தம்பியைக் கட்டிக்கொண்டார்.

"மாச்சு, நான் இருக்கேன்டா."

மாச்சய்யாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அண்ணனின் வலது தோளில் முகத்தை அழுத்திக்கொண்டார்.

'களக்' என்று ஒரு சத்தம் வந்தது.

மறுபடி அழுத்திப் பார்த்தார். 'களக்'. சால்வைக்குள், சட்டைக்குள், இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை. பாதிக்குத்தான் தண்ணீர் நிரப்பியிருந்தது.

தான் பிறந்த இந்த ஐம்பத்தாறு வருஷத்தில் இந்த மலை ஒரு நாளும் எதிரொலித்ததில்லை என்பது மாச்சய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெள்ளியப்பாவின் மூக்கும் சும்மா இல்லை. தம்பியின் தோளை இரண்டு முறை முகர்ந்தது. மிளகும் கொடம்புளியும் தடவிய கொழுப்பு.

இருவரும் பிடியை விடவில்லை. விட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

"டைகர்," என்றார் மாச்சய்யா, அண்ணனின் தோளிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்க டைகர் போயிட்டான். ரெண்டு வெடியும் நான்தான் வெடிச்சேன்."

பெள்ளியப்பா ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"குடும்பத்துல சாவு விழுந்திருக்கு. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் துப்பாக்கியத் தொடமாட்டோம்."

தாத்தாவின் துப்பாக்கி இன்னொரு வருஷம் இந்த வீட்டிலேயே இருக்கும். மாச்சய்யா அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் கொல்லைப்புறத்திலிருந்து டைகர் வந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து, முன்னங்கால்களை மாச்சய்யாவின் மார்பில் ஊன்றி, வாலை ஆட்டிக்கொண்டே வலது தோளை நக்க ஆரம்பித்தது.

கூட்டத்திலேயே மூத்தவரான குஞ்ஞப்பா டைகரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"பாவம். நல்ல நாய்."

முத்தவ்வா விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.